அம்மாவுக்குத் தெரியும், தங்கச்சி

களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். கொப்பித் தாளில் ஐந்து பக்கம், இரண்டு நிறப் பேனாவில். ஒரே இருப்பில் எழுதி முடித்த கடிதம் அல்ல என்று பார்த்தாலே தெரிகிறது. ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36. முன்பள்ளி ஆசிரியை. கணவருக்குக் கடற்றொழில். ஒன்பது வயதில் ஒரு மகள். தாய்வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். 61 வயதான அம்மாவுக்குச் சென்ற வருடம் சூலகத்தில் புற்றுநோய் என்று தெரியவந்தது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை, பிறகு கீமோ. தலைமுடி திரும்ப முளைத்து, எல்லாம் சரி என்று நினைத்த நேரத்தில் வயிற்றில் நீர் கட்டியது. ஈரலுக்கும் பரவிவிட்டதாம். "இனி கீமோ தாங்கமாட்டா. நோவுக்கு மருந்து தாறோம், வீட்டில வைத்து நல்லாப் பாருங்க" என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

அம்மாவிடம் "வயிற்றுப் புண்" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் அன்றைக்கே உடைந்து போய்விடுவா என்று பெரியம்மா சத்தியம் வாங்கியிருக்கிறா. கட்டாரில் இருக்கும் அண்ணன், "இந்தியாவுக்குக் கொண்டு போங்க, காசு நான் அனுப்புறன்" என்று ஒவ்வொரு இரவும் வட்ஸ்அப்பில் சண்டை பிடிக்கிறார். நோவுக்குக் கொடுத்த மோபின் (மோர்ஃபின்) குளிசை அலுமாரிக்குள் கிடக்கிறது. "அது குடுத்தா ஆள் முடிஞ்சுது" என்று ஊரில் சொல்கிறார்களாம். அம்மா இரவில் முனகுகிறா. சில நேரம் சுனாமியில் போன சின்ன மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறா. அந்தப் பிள்ளைக்கு அப்போது 11 வயது. உடல் கிடைக்கவில்லை.

"போன மாசம் அம்மா கையில கிடந்த காப்பைக் கழட்டி என்ட மகளுக்குப் போட்டுட்டா. 'வீட்டு உறுதியும் முடிச்சிருவமா புள்ள' எண்டு கேட்டா. நான் கதையை மாத்திட்டன். எனக்கு அழுகையே வருகுதில்ல. ரெண்டு மூண்டு மணித்தியாலம்தான் நித்திரை. போன கிழமை ஸ்கூல்ல ஒரு சின்னப் பிள்ளைக்குக் கத்திப் போட்டன். எனக்குக் கதைக்க ஒரு ஆள் வேணும். மனநலப் பிரிவுக்குப் போனா விசர் எண்டு பேர் வரும், வேலைக்கும் வில்லங்கம் வரும். எங்க போறது?" இதுதான் கேள்வி. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இன்னொரு வரி: "சில இரவில அம்மாவோட நானும் போயிட்டா என்ன எண்டு வருது."

முதலில் அந்த ஓரத்து வரி

அன்பான தங்கச்சி, உங்கள் கடிதத்தில் ஆகப் பெரிய வரி அதுதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மாதக்கணக்காக நித்திரையில்லாமல் நோயாளியைப் பார்ப்பவர்களுக்கு "இது எல்லாம் முடிந்து போனால் போதும்" என்று தோன்றுவது அபூர்வமில்லை. என் முன்னால் இருந்த எத்தனையோ பேர் தலையைக் குனிந்துகொண்டு இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் களைப்பில் வரும் எண்ணத்துக்கும், எப்படி, எப்போது என்று மனம் கணக்குப் போடத் தொடங்குவதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவது வகை ஒரு தரம் வந்திருந்தாலும், இதை வாசித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே கணவரிடம் சொல்லுங்கள். அவரோடு பக்கத்து வைத்தியசாலைக்குப் போங்கள், இரவாக இருந்தாலும் பரவாயில்லை. 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். பொலிஸ், வழக்கு என்று பயப்படுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998 முதல் குற்றமே இல்லை. எண்ணம் வந்ததைச் சொல்வதற்கு யாரும் உங்களை விசாரிக்கப் போவதில்லை.

முதல் வகைதான் என்றாலும் அதை ஒரு ஆளிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் அதைத் தாளின் ஓரத்தில், சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். வீட்டிலும் அப்படித்தான் ஓரத்தில் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் சொல்வதா, மறைப்பதா

ஒரு தாய் காப்பைக் கழட்டிப் பேத்திக்குப் போடுகிறா. வீட்டை எழுதிக்கொடுக்க உறுதி முடிப்போமா என்று கேட்கிறா. நம் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான் என்பது பிறந்த நாளிலிருந்தே தெரிந்த விஷயம். இத்தனை வருடம் எழுதாமல் இருந்தவ இப்போது ஏன் கேட்கிறா? வயிற்றுப் புண்ணுக்கு யாராவது உறுதி முடிப்பார்களா? வார்டில் மாதக்கணக்காகக் கீமோ ஏற்றியிருக்கிறா. பக்கத்துக் கட்டில்காரிகளோடு கதைத்திருப்பா. தலைமுடி கொட்டியதைக் கண்ணாடியில் பார்த்திருப்பா.

அம்மாவுக்குத் தெரியும், தங்கச்சி. முழுசாக இல்லாவிட்டாலும் போதுமான அளவுக்குத் தெரியும். உங்களுக்குக் கவலை வரக்கூடாது என்று அவ தெரியாத மாதிரி இருக்கிறா. அவவுக்குக் கவலை வரக்கூடாது என்று நீங்கள் கதையை மாற்றுகிறீர்கள்.

என் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். என் அப்பாவுக்கு நுரையீரலில் வந்தபோது நாங்களும் "நாள்பட்ட சளி" என்றுதான் சொன்னோம். நாலு பிள்ளைகளும் முறை வைத்து அதே பொய்யைச் சொன்னோம். அப்போதே நான் ஆட்களின் துக்கத்தைக் கேட்கும் இந்தத் தொழிலில்தான் இருந்தேன், வெட்கம்தான். செத்தவீட்டுக்கு வந்திருந்த பக்கத்துக் கட்டில்காரர் என்னிடம் சொன்னார்: "உங்கட அப்பா எனக்கு ஒரே புத்திதான் சொன்னவர். பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது, நீங்க வாய் தவறிச் சொல்லிப் போடாதீங்க எண்டு." பந்தலுக்குள் கதிரையில் இருந்தபடியே எனக்கு மூச்சு நின்ற மாதிரி இருந்தது. அப்பாவுக்கு என்னிடம் சொல்ல என்ன இருந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

உண்மையைச் சொன்னால் ஆள் சீக்கிரம் போய்விடுவார் என்ற பயத்துக்கு, நான் அறிந்தவரை, ஆதாரம் இல்லை. முதலில் அழுகை வரும், ஒன்றிரண்டு நாள் சாப்பிடமாட்டார்கள், அது உண்மை. அதற்குப் பிறகு பெரும்பாலானவர்கள் எங்களைவிடத் தெளிவாகக் கதைக்கத் தொடங்குவார்கள். அதற்காக ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. சிலருக்கு முழுசாகத் தெரிய விருப்பமிருக்காது. அதுவும் அவர்களுடைய உரிமைதான். அதனால் சொல்வதற்கு முன்னால் கேட்க வேண்டும்.

வீங்கின காலுக்கு எண்ணெய் தடவிவிடும் நேரம் நல்ல நேரம். முகத்துக்கு முகம் பார்க்கத் தேவையில்லை, கைக்கும் ஒரு வேலை இருக்கும். "டொக்டர் சொன்னதெல்லாம் உங்களுக்கு விளங்கிச்சா அம்மா?" என்று கேளுங்கள். "உங்களுக்கு என்ன மாதிரி இருக்கு?" என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு இருங்கள். அவ "எனக்கு ஒண்டுமில்ல" என்றால் சரி, அன்றைக்கு அவ்வளவுதான், நாளைக்கும் கால் இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது. "இது அந்த வருத்தம்தானே?" என்று அவ கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். "ஓம் அம்மா. மாத்த ஏலாதாம். நோவு இல்லாமப் பார்க்கலாமாம். நான் பக்கத்திலதான் இருப்பன்." இந்த நாலு வசனம் போதும். எத்தனை மாதம் என்ற கணக்கை மட்டும் நீங்களாகச் சொல்லாதீர்கள். அது டொக்டர்களுக்கே சரியாக வருவதில்லை.

பெரியம்மாவுக்குக் கொடுத்த சத்தியம் உங்களை உறுத்தும். முதலில் அவவைத் தனியாகக் கூப்பிட்டு, காப்பின் கதையையும் உறுதியின் கதையையும் சொல்லுங்கள். "அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் மனம்விட்டுக் கதைக்காமலே பிரியப் போறீங்களா?" என்று கேளுங்கள். பெரியம்மாவும் தன் கூடப்பிறந்தவளை இழக்கப் போகிற ஆள்தான். அதை யாரும் அவவிடம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

"கைவிட்டுட்டாங்க" என்ற நினைப்பு

"வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்ற சொல் எங்கள் காதில் "கைவிட்டுவிட்டோம்" என்று விழுகிறது. சில இடங்களில் அதைச் சொல்லும் விதமும் அப்படித்தான் இருக்கிறது, நின்ற நிலையில், அடுத்த நோயாளியைப் பார்த்துக்கொண்டு. ஆனால் உங்கள் அம்மாவுக்குச் செய்ய நிறைய இருக்கிறது. நோயை மாற்றுவதை விட்டு, நோயின் கஷ்டத்தைக் குறைக்கும் வைத்தியத்துக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்பு (palliative care) என்று பெயர். வயிற்று நீர் முட்டி மூச்சு வாங்கினால் அதை எடுத்துவிடலாம். ஓங்காளத்துக்கு, மலச்சிக்கலுக்கு, நித்திரைக்கு மருந்து உண்டு. அமெரிக்காவில் பரவிய நிலையிலிருந்த நுரையீரல் புற்றுநோயாளர் 151 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010 இல் வெளிவந்தது. ஆரம்பத்திலிருந்தே இந்தப் பராமரிப்பும் கிடைத்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, சராசரியாக இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். உங்கள் அம்மாவின் நோய் வேறு, அந்தக் கணக்கை அப்படியே எடுக்க முடியாது. ஆனால் நோவைக் குறைத்தால் ஆயுள் குறையும் என்ற கதைக்கு அது நல்ல பதில்.

இனி அலுமாரிக்குள் கிடக்கும் குளிசை. நான் டொக்டர் இல்லை, மருந்தின் அளவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். ஆனால் மோபின் சாவைக் கொண்டுவரும் மருந்து என்பது பிழையான கதை. பெரும்பாலும் கடைசிக் காலத்தில்தான் அதைக் கொடுக்கப் பார்த்திருக்கிறோம், அதனால் அதுதான் ஆளைக் கொண்டுபோனது என்று முடிச்சுப் போட்டுவிட்டோம். டொக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்துக்குக் கொடுத்தால் அது நோவைத்தான் எடுக்கும். முதல் சில நாள் தூக்கமும் ஓங்காளமும் இருக்கலாம், பெரும்பாலும் குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் குறையாது, அதற்கு மருந்து தரும்படி கேட்டு வாங்குங்கள். நோவு தாங்க முடியாமல் போன பிறகு கொடுப்பதைவிட, மணிக்கூட்டைப் பார்த்து நேரத்துக்குக் கொடுப்பதே முறை. நாள்பட்டு அலுமாரியில் கிடந்ததால், தொடங்குவதற்கு முன்னால் கிளினிக்கில் ஒரு தரம் கேட்டுவிடுங்கள். மகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். உங்கள் நித்திரையில் பாதி அம்மாவின் முனகலில்தான் போகிறது. அம்மாவின் நோவு குறைந்தால் உங்களுக்கும் ஒரு இரவு கிடைக்கும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் எனக்குத் தெரியும், வீட்டில் அதற்கும் சண்டை நடக்கும். "சாப்பிடாமத்தான் மெலியிறா" என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்லுவார்கள். நோய் முற்றும்போது உடம்பு சாப்பாட்டைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. மெலிவு நோயால் வருவது, உங்கள் சமையலால் அல்ல. வற்புறுத்தி ஊட்டினால் சத்திதான் வரும். கேட்கும் நேரத்தில் ஒரு கரண்டி தயிர், ஒரு வாய்க் கஞ்சி, அவ்வளவும் போதும்.

கட்டாரிலிருந்து வரும் சண்டை

அண்ணனை நான் குறை சொல்லமாட்டேன். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குக் காசு ஒன்றுதான் கை. அதை நீட்டும்போது "வேண்டாம்" என்று நீங்கள் சொன்னால், மகன் என்ற இடத்தையே பறித்த மாதிரி அவருக்குப் படும். கிளினிக் புத்தகத்தையும் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் படம் பிடித்து அனுப்புங்கள். வேறொரு புற்றுநோய் வைத்திய நிபுணரின் அபிப்பிராயம் வேண்டுமென்றால், ஆளைத் தூக்கிக்கொண்டு அலையாமல் ரிப்போர்ட்டுகளை மட்டும் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையிலோ இந்தியாவிலோ காட்டிக் கேட்கலாம். அந்தப் பதிலை அண்ணன் தன் காதால் கேட்பது நல்லது. நீங்கள் சொன்னால் தங்கச்சி சொன்னதாகத்தான் இருக்கும்.

அதன் பிறகு அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். இரவு எட்டு மணிக்கு அம்மாவுக்கு வீடியோ கோல், வைத்தியக் கதை கிடையாது, சின்ன வயதுக் கதை மட்டும். அடுத்தது லீவு. செத்தவீட்டுக்கு என்று சேர்த்து வைத்திருக்கும் லீவை இப்போதே எடுத்து வரச் சொல்லுங்கள். இதைக் கேட்க உங்களுக்கு வாய் வராது என்றால், இந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பிவிடுங்கள். தம்பி, நீங்கள் இதை வாசித்தால்: பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க வருவதைவிட, கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்க வாருங்கள்.

அந்த சின்ன மகளும், இந்த சின்ன மகளும்

2004 டிசம்பர் 26 இல் போன உங்கள் தங்கையை அம்மா இரவில் கூப்பிடுவது புத்தி பேதலிப்பு என்று பயந்திருக்கிறீர்கள். திடீரென்று ஆள் மாறி, நேரம் இடம் தெரியாமல் பேசினால் அதை டொக்டரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பகலில் தெளிவாக இருந்துகொண்டு இரவில் அந்தப் பெயரைச் சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கலாம். உடலைப் பார்க்காத துக்கத்துக்கு முடிவு போட்ட நாள் என்று ஒன்று இல்லை. சுனாமியில் மட்டுமில்லை, அதற்கு முன் போர்க் காலத்தில், 1990 இல், கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வராத பிள்ளைகளுக்காகவும் இன்றைக்கும் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார் நம் ஊர்களில் இருக்கிறார்கள். எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் கிரியைகளைச் செய்தாலும் மனம் முழுசாக ஒத்துக்கொள்வதில்லை.

அம்மா அந்தப் பெயரைச் சொல்லும்போது "படுங்க அம்மா" என்று அடக்காமல், "அவள நினைக்கிறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு உங்களுக்கும் 15 வயதுதான். அந்த வீட்டில் நீங்களும் ஒரு தங்கையை இழந்திருக்கிறீர்கள், ஆனால் ஐந்து பக்கக் கடிதத்தில் அதை அம்மாவின் துக்கமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அழுகை வராததற்கு ஒரு காரணம் அங்கேயும் இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

உங்கள் மகள் "அம்மம்மா சாகப் போறாவா?" என்று கேட்டதாகவும், "சும்மா இரு" என்று அதட்டியதாகவும் ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது வயதில் சாவு என்றால் திரும்பி வராதது என்று விளங்கும். விளங்காதது பெரியவர்களின் குசுகுசுப்புத்தான். "அம்மம்மாவுக்குக் கடும் வருத்தம், டொக்டர்மாரால் மாத்த ஏலாது. அது உன்னால வந்ததில்ல, உனக்குத் தொத்தவும் மாட்டாது. என்ன நடந்தாலும் உனக்குச் சொல்லுவம்" என்று சொல்லிவிடுங்கள். பிறகு "நித்திரை கொள்ளுறா" என்றோ "வெளிநாடு போயிட்டா" என்றோ மட்டும் சொல்லாதீர்கள். நம் பக்கத்தில் அது பெரிய பிழை. வெளிநாடு போன மாமா திரும்பி வருகிறார், சொக்லேட்டும் கொண்டு வருகிறார். அம்மம்மா ஏன் வரவில்லை என்று பிள்ளை எந்தக் கணக்கில் யோசிக்கும்? செத்தவீட்டில் முகம் பார்க்க விருப்பமா என்று கேட்டு, என்ன இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, விரும்பினால் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். வகுப்பு ரீச்சரிடம் இப்போதே ஒரு சொல் சொல்லி வையுங்கள்.

சரி, யாரிடம் போவது

உங்கள் கேள்வியே இதுதான், நான் இவ்வளவு சுற்றி வந்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே ஆள், ஒரே இடம் என்று தேடினால் கிடைக்காது. துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

வைத்தியசாலையில்: அடுத்த கிளினிக்கில் "நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கு யாரைப் பார்க்கலாம்?" என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கென்று உளநலப் பிரிவு இருக்கிறது. போதனா வைத்தியசாலைக்கு வர வசதியில்லை என்றால், பக்கத்து ஆதார வைத்தியசாலையில் உளநலக் கிளினிக் எந்த நாளில் என்று விசாரியுங்கள். விசர் என்ற பயத்துக்கு வருகிறேன். ஒரு காலத்தில் மனவருத்தம் என்றால் அங்கொடை மனநல வைத்தியசாலைக்குத்தான், அந்த ஊரின் பெயரே எங்களுக்கு ஏச்சாகிவிட்டது. இப்போது அப்படியில்லை. உளநலக் கிளினிக்கில் காத்திருக்கும் ஆட்களை ஒரு நாள் வந்து பாருங்கள்: நித்திரை வராதவர்கள், பிள்ளை பெற்றபின் சோர்ந்து போனவர்கள், துக்கவீட்டுக்காரர். வைத்தியசாலை உங்கள் முன்பள்ளிக்கு அறிவிக்கும் வழக்கம் கிடையாது, கிளினிக் புத்தகமும் உங்கள் கையில்தான் இருக்கும். ஊர்க்கண் பற்றி மட்டும் நான் உறுதி தர முடியாது. யாராவது பார்ப்பார்கள், கதைப்பார்கள். "அம்மாட மருந்துக்கு வந்தனான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போங்கள், பொய்யும் இல்லை.

பிரதேச செயலகத்தில்: உளவளத்துணை உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பார். நிறையப் பேர் குடும்பச் சண்டைக்கு மட்டும்தான் அவர் என்று நினைக்கிறார்கள். துக்கத்துக்கும் போகலாம், காசு கட்டத் தேவையில்லை, வீட்டுக்கு வர முடியுமா என்றும் கேளுங்கள். அதே கந்தோரில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் நோயாளிக்கான உதவிகளையும், ஜனாதிபதி நிதியத்தின் வைத்திய உதவிக்கு விண்ணப்பிக்கும் விதத்தையும் கேட்டு வாருங்கள். மனச்சுமையில் பாதி ஓட்டோக் காசுதான் என்று சொன்ன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

தொலைபேசியில்: 1926 ஐச் சொல்லிவிட்டேன், தேசிய உளநல நிறுவனத்தின் சேவை. 1333 இலும் காசில்லாமல் கதைக்கலாம். புத்திமதி சொல்லாமல் கேட்பதையே வேலையாக வைத்து 1974 முதல் இயங்கும் சுமித்ரயோவும் இருக்கிறது. காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கத்துச் சகோதரிகள், கணவர் மௌத்தானபின் இத்தா இருக்கும் 4 மாதம் 10 நாளில் வெளியே போக வசதிப்படாதவர்கள், தொலைபேசியை ஒரு வழியாக வைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு இரவில் திடீரென்று மூச்சுத் திணறினால், இரத்தம் போனால், 1990 என்ற இலக்கத்தில் அம்பியூலன்ஸ்.

ஊருக்குள்: இதைத்தான் எல்லாரும் மறந்து விடுகிறார்கள். "ஏதும் உதவி எண்டா சொல்லுங்க" என்று வருகிறவர்களிடம் "ஒண்டும் வேணாம்" என்று சொல்லி அனுப்புகிறோம். பெயர் சொல்லி வேலை கொடுங்கள். சித்தி செவ்வாய்க்கிழமை இரவு அம்மாவோடு படுக்கட்டும், அன்றைக்கு நீங்கள் அடுத்த அறையில் கதவைச் சாத்திவிட்டு நித்திரை கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரி மகளைப் பின்னேர வகுப்புக்குக் கூட்டிப் போகட்டும். கணவரைப் பற்றி "ஒண்டும் கதைக்கமாட்டார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஆனால் கடலால் வந்ததும் அம்மாவுக்கு முள்ளில்லாத மீனாகப் பார்த்து எடுத்து வைக்கிறார் என்று அதே பக்கத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய பேச்சு அதுதான். ஓரத்து வரியை அவரிடம் சொல்லுங்கள் என்று நான் துணிந்து எழுதியதும் அதை நம்பித்தான்.

ஸ்கூலில் கத்தியதற்கு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு "ரீச்சர் பிழை விட்டுட்டன்" என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் எங்களைவிட லேசாக மன்னிப்பார்கள்.

31க்குப் பிறகு

இதை இப்போதே எழுதுவதற்கு மன்னியுங்கள். எங்கள் செத்தவீடுகள் நல்ல ஏற்பாடு. பந்தல், பறை, ஒப்பாரி, அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அயலிலிருந்து வரும் சாப்பாடு, எட்டு, முப்பத்தொன்று. ஒரு மாதத்துக்கு ஆளைத் தனியே விடமாட்டார்கள். 32 ஆம் நாள் கதிரைக்காரன் கதிரையை ஏற்றிக்கொண்டு போவான், அதோடு எல்லாரும் போவார்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் அந்த இரண்டாம், மூன்றாம் மாதத்தில்தான் வருகிறார்கள். அதனால் சித்தியிடம் இப்போதே சொல்லி வையுங்கள், முப்பத்தொன்றோடு நிற்காமல் அதற்குப் பிறகும் கிழமைக்கு ஒரு தரம் வரும்படி.

துக்கம் படிப்படியாகக் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு நாள் சிரிப்பீர்கள், அடுத்த நாள் அம்மாவின் சீலையை மடிக்கும்போது விழுந்து போவீர்கள். சித்திரா பௌர்ணமி வரும்போது திரும்பவும் கிளறும். அதெல்லாம் நோயில்லை. ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டியும் அநேகமாக ஒவ்வொரு நாளும் அதே ஏக்கத்தில் கிடந்து, வேலை, பிள்ளை, சாப்பாடு எதையும் பார்க்க முடியவில்லை என்றால் அதை நீடித்த துக்கம் என்று வைத்திய உலகம் தனியாகக் கணக்கில் எடுக்கிறது, அதற்கு சிகிச்சையும் உண்டு. அழுகை வராததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அதற்கு நேரகாலம் கிடையாது. ஒரு அம்மா மூன்று வருடம் கழித்துச் சந்தையில் கூனி வாங்கும்போது அழுதா.

கடைசியாக, உறுதி. நீங்கள் மாற்றிவிட்ட அந்தக் கதையைத் திரும்ப எடுங்கள். எங்கள் சட்டத்தில் காணி, வீடு கைமாறுவது நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சியோடு எழுதப்பட வேண்டும். தன் சீவியகாலம் மட்டும் வீடு தன் பொறுப்பில் இருக்கும்படி வைத்தும் எழுதலாம். மருந்து மயக்கம் இல்லாத தெளிவான நேரத்தில் செய்ய வேண்டும், பின்னால் யாரும் கேள்வி கேட்காமலிருக்க டொக்டரிடம் ஒரு கடிதமும் வாங்கி வைக்கலாம். நொத்தாரிசை வீட்டுக்குக் கூப்பிடலாமா என்று விசாரியுங்கள். அண்ணன் லீவில் வந்து நிற்கும் கிழமையாகப் பார்த்து வைத்தால் அவருக்கும் முன்னால் நடந்ததாக இருக்கும். அன்றைக்கு வீட்டில் நல்ல மீனாக எடுத்துச் சமையுங்கள். அம்மா ஒரு வாய்தான் சாப்பிடுவா. பரவாயில்லை.